0.13-க்காகவா 2018-இல் தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகள் நின்றன?

புதிய ஊதியமாகத் தொழிற்சங்கங்கள் கேட்டது பழைய அடிப்படை ஊதியத்தின் 2.57 மடங்கு, அரசு தந்தது 2.44. பழைய அடிப்படை ஊதியம் 10,000 ரூபாய் என்றால் 25,700-க்குப் பதில் 24,400. மாதம் 1,300 குறைவு. ஆனால் அடி விழுவது அங்கேயே நிற்காது. அகவிலைப்படி, பி.எஃப்., பணிக்கொடை எல்லாமே அடிப்படை ஊதியத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. அதனால் ஓய்வு பெறும்வரை இழப்பு கூடிக்கொண்டே போகும். அரசு ஊழியர்களுக்கு 2017-இல் 2.57 கிடைத்துவிட்டது என்பதும் கோபத்துக்குக் காரணம், நியாயமான கோபம்தான்.

ஜனவரி 4-இல் வண்டிகள் நின்றன. மறுநாளே உயர் நீதிமன்றம் பணிக்குத் திரும்பச் சொன்னது. பொதுப் பயன்பாட்டுச் சேவை என்பதால், அன்றைய 1947 தொழில் தகராறுகள் சட்டப்படி, நோட்டீஸ் கொடுத்து 14 நாள் முடியாமலோ சமரசப் பேச்சு நடக்கும்போதோ வேலைநிறுத்தம் செய்தால் சட்டவிரோதம். சங்கங்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். மத்தியஸ்தராக ஓய்வுபெற்ற நீதிபதியை நீதிமன்றம் நியமித்தபின், 11-ஆம் தேதி இரவு போராட்டம் முடிந்தது.