இல்லாத உயிரெழுத்து எங்கிருந்து வருகிறது? – கேள்வி பதில்

கேள்வி: சார், 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொன்னால் சிரிக்கிறார்கள். இது படிக்காதவர்கள் பேச்சுதானா?

பதில்: அப்படிப் பார்த்தால் ஸ்பானிய மொழி பேசும் அத்தனை பேரும் படிக்காதவர்கள்தான். லத்தீனில் 'ஸ்கோலா' என்று இருந்த சொல்லை அவர்கள் 'எஸ்குவேலா' என்கிறார்கள். பிரெஞ்சிலும் அதே எகரம் முன்னால் ஒட்டியது. பிறகு 'ஸ்' உதிர்ந்து 'எகோல்' ஆனது. துருக்கியில் ரயில் நிலையம் 'இஸ்தஸ்யோன்'. சிரிப்பவர்களைப் 'பிரகாசம்' என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த முதல் இகரம் வடமொழியில் கிடையாது.

கேள்வி: ஐயா, 'இஸ்கூல்' என்று உயிரை முன்னால் வைக்கும் அதே வாய், 'பிளாஸ்டிக்' என்னும்போது நடுவில் வைக்கிறதே, ஏன்? 'இப்ளாஸ்டிக்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பதில்: எகிப்தில் அரபு பேசுவோரும் இதையே செய்கிறார்கள். ஆங்கில 'ஸ்டடி' அவர்கள் வாயில் 'இஸ்டடி', 'பிளாஸ்டிக்' அவர்களுக்குப் 'பிலாஸ்டிக்'.

'ப்'பிலிருந்து 'ல்'லுக்குப் போகும்போது உதடு திறக்கிற அந்தக் கணத்திலேயே உயிர் போன்ற ஒரு சாயல் கேட்கிறது. அங்கே இகரத்தை நுழைத்தால் மூலச் சொல்லின் ஓசை பெரிதாக மாறாது. 'ஸ்'ஸும் 'க்'கும் அப்படியல்ல. சீறல், உடனே அடைப்பு, இடையில் உயிரின் சாயலே இல்லை. அங்கே உயிரைப் போட்டுச் 'சிகூல்' என்றால் காது அதை வேறு சொல்லாக எடுத்துக்கொள்ளும். அதனால் முன்னால் வைப்பதே பாதுகாப்பு. இதே 'ஸ்' ஒரு மூக்கொலிக்கு முன் வந்தால் என்ன ஆகிறது பாருங்கள்: ஸ்நேகம் 'சிநேகம்' ஆகிறது, 'இஸ்நேகம்' ஆவதில்லை. ஆக, மூலத்தோடு அதிகம் ஒத்துப்போகும் இடம்தான் தேர்வாகிறது. ஆனாலும் எல்லா மொழியும் இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஈராக்கிய அரபு 'ஃப்ளோர்' என்பதற்குக்கூட முன்னால்தான் இகரம் வைக்கும்.

கேள்வி: உயிர் சேர்க்காமல் மெய்யை விட்டுவிட்டால் போதாதா?

பதில்: அதுவும் நடக்கிறது. ஸ்தலம் 'தலம்' ஆனது அப்படித்தான். ஸ்வீடிஷ் 'ஸ்ட்ராண்ட்' ஃபின்னிஷில் 'ரந்தா' ஆகி, முன்னிருந்த இரண்டு மெய்களையும் இழந்துவிட்டது.

கேள்வி: அண்ணா, எந்த உயிர் நுழையும் என்பதற்கு விதி உண்டா? ஜப்பானியர் எல்லாவற்றிலும் 'உ' போடுவது போலத் தெரிகிறது.

பதில்: பெரும்பாலும் 'உ'தான். அவர்கள் மொழியில் அதுவே மிகக் குறுகிய உயிர், பல இடங்களில் காதில் விழுவதே இல்லை. ஆனால் 'ட்', 'த்' போன்றவற்றின் பின் 'ஒ' வரும். அங்கே உகரம் போட்டால் மெய்யே 'த்ஸு' என்று மாறிவிடும். அதனால் 'ஸ்ட்ரைக்' என்பதன் நடுவில் ஒகரம். பேஸ்பால் ஆட்டத்தில் அது 'சுதொரைக்கு', தொழிலாளர் வேலைநிறுத்தம் என்றால் 'சுதொரைக்கி'. ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு வால்களோடு உள்ளே வந்திருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு இது.

ஹவாய் மொழியில் மெய்கள் எட்டே எட்டு. இரண்டு மெய் சேர்ந்து நிற்காது, சொல் மெய்யில் முடியாது. அங்கே 'கிறிஸ்மஸ்' மூன்று உயிர்களைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு 'கலிகிமகா' ஆகிவிடுகிறது.

கேள்வி: நாம் 'காரு', 'பஸ்ஸு' என்று உகரம் சேர்க்கிறோம். ஒன்றில் மெய் இரட்டிக்கிறது, இன்னொன்றில் இல்லை. குழப்பமாக இருக்கிறது.

பதில்: குழப்பமே இல்லை. கல் 'கல்லு', வால் 'வாலு'. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும் என்று நன்னூல் சொன்னதைப் 'பஸ்'ஸும் மதிக்கிறது.

வல்லினத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆங்கிலத்தில் மேல்சட்டையைக் குறிக்கும் சொல் 'கோட்டு' ஆகிறது. கணினி நிரலைக் குறிப்பதோ 'கோடு'. இரண்டிலும் நெடில்தான், பிறகு ஏன் ஒன்று மட்டும் இரட்டிக்கிறது? தமிழில் உயிர்களுக்கு நடுவே ஒற்றை 'ட்' மெலிந்து, ஆங்கில 'd' போல ஒலிக்கும். வல்லோசையைக் காப்பாற்ற வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை, ஆனாலும் எல்லோரும் சரியாகவே செய்கிறார்கள்.

கேள்வி: இது நாக்கின் பிரச்சினையா, காதின் பிரச்சினையா?

பதில்: காதுக்கும் பெரும் பங்கு உண்டு. 1999இல் எமானுவேல் துப்பு என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு, 'எப்ஸோ', 'எபுஸோ' போன்ற பொருளற்ற சொற்களை ஜப்பானியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ஒலித்துக் காட்டியது. நடுவே உயிர் அறவே இல்லாதபோதும் ஜப்பானியர் பெரும்பாலும் அங்கே 'உ' கேட்டதாகச் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அப்படிக் கேட்கவில்லை. கேட்பதே அப்படி என்றால் நாக்கைக் குறை சொல்லி என்ன பயன்?

கேள்வி: உயிரே தேவைப்படாத மொழி உண்டா?

பதில்: மொழி முழுக்க இல்லை, சொற்கள் உண்டு. மொராக்கோவின் தஷல்ஹீத், கனடாவின் நுஹால்க் இரண்டிலும் உயிரே இல்லாத சொற்கள் இருக்கின்றன. செக் மொழியில் விரல் 'ப்ர்ஸ்ட்', கழுத்து 'க்ர்க்'. அங்கே 'ர்' உயிரின் வேலையைப் பார்க்கிறது.

கேள்வி: பழைய இலக்கணக்காரர்கள் இதைக் கவனித்திருக்கிறார்களா?

பதில்: நன்றாகவே. தோன்றல், திரிதல், கெடுதல் என்று நம்மவர்கள் வகுத்ததில் முதலாவது இதையும் தொடும். இப்படி நடுவில் உயிர் நுழைவதை வடமொழியில் 'ஸ்வரபக்தி' என்பார்கள். பத்மம் பாலியில் 'பதுமம்', தமிழிலும் 'பதுமம்'.

கேள்வி: ஆங்கிலேயர் மட்டும் தப்பித்தார்களா சார்?

பதில்: எங்கே தப்பித்தார்கள்? 'கேட்' பன்மையில் 'கேட்ஸ்', ஆனால் 'பஸ்' பன்மையில் 'பஸ்ஸஸ்'. இரண்டு சீறொலிகளை ஒட்டிச் சொல்ல முடியாமல் நடுவில் ஓர் உயிரைச் செருகியிருக்கிறார்கள். அயர்லாந்தில் பலர் 'ஃபில்ம்' என்பதை, நாம் 'ஃபிலிம்' என்பது போலவே, நடுவில் உயிர் சேர்த்து 'ஃபிலம்' என்கிறார்கள்.