மனு எழுதி என்ன ஆகப் போகிறது?

அன்புள்ள ஐயா,

க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை 17-ம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பாஸ்டனில் தூக்கிலிட்டது பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். இங்கிலாந்தில் மதக் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா போன பியூரிட்டன் கிறிஸ்தவர்களே போன இடத்தில் இன்னொரு கூட்டத்தைத் தூக்கில் போட்டது எப்படி என்று விளங்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், தவறாக நினைக்காதீர்கள். எனக்கு க்வேக்கர்கள் மேலும் எரிச்சல் வருகிறது. மனிதர் யாருக்கும் மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்ற மாட்டார்களாம். நீதிபதி முன்னால் கழற்றினால் என்ன குறைந்துவிடும்? பாஸ்டனுக்குத் திரும்பி வந்தால் தூக்கு என்று தெரிந்தும் மேரி டயர் என்ற க்வேக்கர் பெண் ஏன் போனார்? ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் மனு மேல் மனுவாக எழுதினார்கள் என்கிறீர்கள். மனு எழுதி எந்தக் காலத்தில் என்ன நடந்திருக்கிறது?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தில் அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்க மாட்டேன். கொஞ்ச நாளாக மனுக்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு வருகிறேன்.

பியூரிட்டன்கள் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். எல்லோருக்குமான மதச் சுதந்திரத்தைத் தேடி அவர்கள் கப்பல் ஏறவில்லை. தாங்கள் சரியென்று நம்பிய திருச்சபையைத் தடையில்லாமல் நடத்த ஓர் இடம் வேண்டியிருந்தது, கிடைத்தது, நடத்தினார்கள். அடிபட்டவன் அடுத்தவனை அடிக்க மாட்டான் என்பது நாமாக வைத்துக்கொண்ட எதிர்பார்ப்பு. இதற்கு மேல் அதில் புதிர் ஒன்றும் இல்லை.

தொப்பி விஷயத்துக்கு வாருங்கள். 1670 செப்டம்பரில் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இரண்டு க்வேக்கர்களை, தெருவில் சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டினார்கள் என்ற குற்றச்சாட்டில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது அவர்கள் தலையில் தொப்பியே இல்லை. காவலர்கள் முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? தொப்பியை மறுபடியும் தலையில் வைக்கச் சொன்னது. வைத்ததும், ஏன் கழற்றவில்லை என்று கேட்டு ஆளுக்கு 40 மார்க் (மார்க் என்பது அன்றைய ஆங்கிலப் பணக் கணக்கு) அபராதம் போட்டது. சத்தியப் பிரமாணமும் அதே கதைதான். ‘சத்தியமே செய்யாதீர்கள்’ என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள் க்வேக்கர்கள். வேறு குற்றம் எதுவும் சிக்காதபோது அவர்கள் முன்னால் ராஜவிசுவாசப் பிரமாணத்தை நீட்டுவார்கள், மறுத்ததும் சிறையில் தள்ளுவார்கள். 1662-ல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. வளைந்து கொடுக்கவில்லை என்று இவர்கள் மேல் உங்களுக்கு எரிச்சல் வருகிறது. எந்த இடத்தில் இவர்களால் வளைய முடியாது என்று தேடிப் பார்த்து அங்கேயே கை வைத்தவர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை கூட இல்லையே, அது ஏன்? நல்ல மனசுக்காரர் நீங்கள், எழுத்தில் தெரிகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

மேரி டயர் பாஸ்டனுக்குப் புதியவர் இல்லை. ஒரு காலத்தில் அந்த ஊர்ச் சபையிலேயே இருந்தவர். 1659 அக்டோபர் 27 அன்று வில்லியம் ராபின்சன், மார்மடியூக் ஸ்டீவன்சன் என்ற இருவருக்கு நடுவில் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு தூக்குமரத்துக்கு நடந்தார். அவர்கள் பேசுவது யார் காதிலும் விழக் கூடாதென்று சிப்பாய்கள் முரசை அடித்துக்கொண்டே கூட வந்தார்கள். அந்த இரண்டு பேரையும் அவர் கண்ணெதிரிலேயே தொங்கவிட்டார்கள். அப்புறம் அவரை ஏணியில் ஏற்றி, கை கால்களைக் கட்டி, முகத்தையும் மூடினார்கள். மூடிய கைக்குட்டை ஜான் வில்சன் கொடுத்தது, அவருடைய பழைய போதகர். எல்லாம் முடிந்த பிறகுதான் தண்டனை நிறுத்தம் என்று அறிவித்தார்கள். அவரைப் பயமுறுத்தி அனுப்புவதென்று முன்பே முடிவு செய்துவைத்திருந்தார்கள். அடுத்த மே மாதம் அவர் திரும்பிப் போனார், உங்கள் அநியாயச் சட்டத்தை நீக்குங்கள் என்று கேட்கத்தான் வந்தேன் என்றார். 1660 ஜூன் 1 அன்று தூக்கில் போட்டுவிட்டார்கள். பிடிவாதம் என்கிறீர்கள். இருக்கட்டும்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அவர் கணவர் எழுதிய கடிதம். வில்லியம் டயர் க்வேக்கர் இல்லை. மனைவியைப் பார்த்தே அரை வருஷத்துக்கு மேல் ஆகிறது, எந்த மனநிலையில் இப்படி ஓர் ஆபத்தில் போய் விழுந்தாள் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை என்று பாஸ்டன் இருக்கும் மாசாசூசெட்ஸின் ஆளுநருக்கு எழுதுகிறார். அவள் செய்தது சரி என்று ஓரிடத்திலும் வாதாடவில்லை. அவளுக்கு உயிர்ப்பிச்சை கொடுங்கள் என்று மட்டும் கண்ணீரோடு கெஞ்சுகிறார்.

தனக்காக எழுதும் மனு உண்டு. க்வேக்கர்கள் அப்படி ஏராளமாக எழுதினார்கள். சிறையிலிருக்கும் எங்கள் ஆட்களை விடுங்கள், பதிலுக்கு நாங்கள் உள்ளே போகிறோம் என்று 1659-ல் 164 பேர் பாராளுமன்றத்திடம் கேட்டிருக்கிறார்கள். படிக்கும்போது நெஞ்சு அடைக்கும். ஆனால் நான் யோசித்துக்கொண்டிருப்பது வேறு வகை மனுவை: தான் அந்த மதம் இல்லை, அந்தக் கொள்கை தனக்குப் புரியக்கூட இல்லை, பேசாமல் இருந்தால் தன் வீட்டுக்கு ஒரு கேடும் வராது, அப்படிப்பட்ட ஆள் போடும் கையெழுத்தை.

இன்றைய நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருக்கும் ஃப்ளஷிங், அன்று டச்சுக்காரர்கள் கையிலிருந்த ஒரு சின்ன ஊர். குடியிருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர்கள். ஆளுநர் பீட்டர் ஸ்டைவசென்ட் க்வேக்கர்களைக் கண்டாலே கொதிப்பவர். 1657-ல் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற இளம் க்வேக்கரைப் பிடித்து, தள்ளுவண்டியோடு சங்கிலியால் பிணைத்து, தார் பூசிய கயிற்றால் அடிக்க வைத்தார். கடைசியில் ஆளுநரின் சொந்தச் சகோதரியே தலையிட்டுத்தான் அந்தப் பையனுக்கு விடுதலை. அப்புறம் ஓர் ஆணை வந்தது: க்வேக்கர் ஒருவரை ஒரே ஓர் இரவு வீட்டில் தங்க வைத்தாலும் 50 பவுண்டு அபராதம், அதில் பாதி காட்டிக்கொடுத்தவனுக்கு.

அந்த வருஷம் டிசம்பர் 27 அன்று ஃப்ளஷிங் ஊர்க்காரர்கள் கூடி, இந்த ஆணைக்கு எங்களால் கீழ்ப்படிய முடியாது என்று ஆளுநருக்கு எழுதினார்கள். எழுதியவர் ஊர்க் கணக்கர் எட்வர்ட் ஹார்ட். சுமார் 30 பேர் கையெழுத்து. தங்களை க்வேக்கர் என்று அவர்கள் எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை. யூதர், துருக்கியர், எகிப்தியர் வரைக்கும் நீளும் அன்பின் சட்டம் ஹாலந்தில் இருக்கிறது என்று அவருடைய நாட்டையே அவருக்கு நினைவூட்டினார்கள். அன்போடு எங்கள் வாசலுக்கு வருகிறவன் மேல் கை வைக்க எங்கள் மனசாட்சி இடம் கொடுக்காது, அவன் எங்கள் ஊருக்கும் வீடுகளுக்கும் வரலாம், போகலாம் என்றார்கள். 1645-ல் ஊருக்குக் கொடுத்த பட்டயத்திலேயே மனசாட்சிச் சுதந்திரம் உண்டு என்பதையும் எடுத்துக்காட்டினார்கள்.

நமக்குக் கிடைத்திருப்பது அன்றைக்கு எடுத்த அரசாங்கப் பிரதி. 1911-ல் நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் நடந்த தீவிபத்தில் அதன் ஓரங்கள் கருகிப்போயின. அதன் படத்தை முதன்முதலில் பார்த்தபோது நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது பெயர்களைத்தான். சில பெயர்களோடு ‘இன்னாரின் குறி’ என்று இருக்கிறது. எழுதத் தெரியாத குடியானவர்கள். ஆளுநர் கோபப்படுவார், நிலம் போகலாம், சிறைக்கும் போகலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தேதான் குறி போட்டார்கள்.

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஹார்ட்டையும் ஊர் அதிகாரி டோபியஸ் ஃபீக்கையும் இன்னும் இரண்டு பேரையும் பிடித்து அடைத்தார்கள். சில வாரத்தில் ஹார்ட் மன்னிப்புக் கேட்டு வெளியே வந்தார். ஃபீக்கின் பதவி போனது. பாருங்கள், நான் சொன்னது சரிதானே என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். நடுக் குளிரில் சிறைக்குள் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டவரைக் கோழை என்று சொல்ல நமக்கு எந்த யோக்கியதையும் கிடையாது. அவர் எழுதிய காகிதம் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, 1662-ல், அதே ஊரில் ஜான் பௌன் தன் வீட்டில் க்வேக்கர்கள் கூட இடம் கொடுத்தார். அபராதம் கட்ட மறுத்ததால் நாடு கடத்தப்பட்டு ஆம்ஸ்டர்டாம் போய், அந்தக் குடியேற்றத்தை நடத்திய டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களிடமே முறையிட்டார். 1663-ல் அவர்கள் ஸ்டைவசென்ட்டுக்கு எழுதிய கடிதத்தின் சாரம்: மனசாட்சியை நெருக்காதே, அமைதியாக இருக்கிறவர்களை விட்டுவிடு. குடியேற ஆள் வராமல் போய்விடுமே என்ற வியாபாரக் கணக்கும் அதில் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். பௌன் ஊர் திரும்பினார். அவர் வீடு ஃப்ளஷிங்கில் இன்னும் நிற்கிறது.

பென், மீட் வழக்கையும் பாதியில் விட்டுவிட்டேன். குற்றமா இல்லையா என்று சொல்ல அங்கே உட்கார்ந்த பொதுமக்கள், அதாவது ஜூரிகள், 12 பேர். குற்றவாளிகள் என்று சொல்லும்வரை சோறு, தண்ணீர், நெருப்பு எதுவும் கிடையாது என்று அவர்களைப் பூட்டிவைத்தார்கள். அவர்கள் குற்றமில்லை என்றே சொன்னார்கள். ஆளுக்கு 40 மார்க் அபராதம், கட்டும்வரை நியூகேட் சிறை. எட்வர்ட் புஷெல் என்ற ஜூரியும் இன்னும் மூன்று பேரும் கட்ட மறுத்து மேல் நீதிமன்றத்துக்கு மனு போட்டார்கள். தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி வான் அவர்களை விடுவித்தார். எந்தக் காலத்தில் என்ன நடந்திருக்கிறது என்று கேட்டீர்களே, இது நடந்திருக்கிறது. புஷெல் வழக்கைத் தேடிப் படியுங்கள், படித்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள். அப்போதும் என்னோடு சண்டை போடத் தோன்றினால் தாராளமாகப் போடலாம்.

அன்புடன்.