ஸ்டொப் லீவரை இழுத்த பிறகும் டீசல் எஞ்சின் நிற்காமல் வேகம் கூடிக்கொண்டே போனால் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் கேள்வியைப் பார்த்தால் லான்ட்மாஸ்டரோ (இரண்டு சில்லு உழவு மெசின்) பழைய நாலு சில்லு மெசினோ வைத்திருப்பவர் என்று நினைக்கிறேன். ஒருமுறை அப்படி ஓடி, பிறகு தானாக நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே ஒருவர், "டீசல் கேற்றைப் பூட்டினால் நிற்கும், இதையெல்லாம் கேட்க வேண்டுமா" என்று பதில் போட்டிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பதிலை நம்பி ஒருவர் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று, டாங்கிலிருந்து டீசல் வரும் வழியை மூடும் அந்தக் கேற்றைத் திருகிக்கொண்டிருந்தால், அவருடைய கைகால் போகலாம்.

நேரடிப் பதில் இது: காற்றை மூடுங்கள். எஞ்சின் காற்று இழுக்கும் வாயைத் தட்டையான, உறுதியான ஒன்றால் அழுத்தி மூடுங்கள். பலகை, தடித்த தகடு, எது கிடைத்தாலும் சரி. கையால் மூடவே கூடாது. அந்த இழுவை உள்ளங்கையைப் பிய்த்துவிடும். தனிச் சாக்கையோ துணியையோ வைத்தால் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். காபனீரொட்சைட்டுத் தீயணைப்புக் கருவி பக்கத்தில் இருந்தால் அதைக் காற்று வாய்க்குள் அடிக்கலாம், அதுவும் நிறுத்தும். எதுவும் கையில் இல்லையென்றால் எல்லாரையும் கூட்டிக்கொண்டு தூரப் போய்விடுங்கள். எஞ்சினில் சுழலும் பறக்கும் சில்லுக்கு (பிளைவீல்) நேரே மட்டும் யாரும் நிற்க வேண்டாம்.

ஏன் காற்று என்று கேட்பீர்கள். பெற்றோல் எஞ்சினில் நெருப்பைத் தருவது பிளக். அதைத் துண்டித்தால் வழக்கமாகக் கதை முடிந்தது. அது இருந்தாலும் கலவை ஓர் அளவுக்குள் இருந்தால்தான் பற்றும். நிறைக்கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்பதுதான் சரியான அளவு. அதிலிருந்து மிகவும் விலகினால், காற்று கூடினாலும் எண்ணெய் (எரிபொருள்) கூடினாலும், எஞ்சின் நின்றுவிடும். டீசல் அப்படியில்லை. அதற்குப் பிளக் கிடையாது. காற்றை நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கிறது. சுமையில்லாமல் சும்மா ஓடும்போது நூறு பங்கு காற்றுக்கு ஒரு பங்கு டீசல் என்ற மெல்லிய கலவையிலும் அது ஓடும். அதனால் வழக்கமாக டீசலை நிறுத்துவது எண்ணெயை முழுதாக வெட்டித்தான். ஸ்டொப் லீவர் செய்வது அந்த வேலை: எண்ணெய்ப் பம்பின் அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோவது. ஆனால் எஞ்சின் குடித்துக்கொண்டிருப்பது டாங்கில் இருக்கும் டீசலே இல்லையென்றால், எந்த லீவரை இழுத்து என்ன பயன்?

இதை எனக்குக் காட்டியது காலபோகச் சூடடிப்பு நேரம் வன்னியில் விசுவமடுப் பக்கம் நடந்த ஒரு சம்பவம். நான் பரந்தனில் கராஜ் வைத்திருப்பவன். வேறொரு மெசினைப் பார்க்கப் போயிருந்தேன். அடுத்த காணியில் ஒருவருடைய லான்ட்மாஸ்டர் திடீரென்று சத்தம் ஏறத் தொடங்கியது. சுமை ஏறிய சத்தம் இல்லை, பிடி இல்லாமல் ஓடும் சத்தம். சைலன்சரில் நீலமும் வெள்ளையுமாகப் புகை. அந்த அண்ணை லீவரை நிறுத்துமிடம் வரை இழுத்துவிட்டார். வேகம் குறையவில்லை. டீசல் கேற்றையும் பூட்டினார். அப்போதும் குறையவில்லை. கூலிக்கு வந்தவர்கள் வரம்பைத் தாண்டி ஓடிவிட்டார்கள். அவர் மட்டும் மெசினை விட்டு நகரவில்லை. "அண்ணை, தள்ளி நில்லுங்கோ" என்று நான் கத்தியது அவர் காதில் விழவேயில்லை.

பெட்டியில் கிடந்த பலகையில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு போனேன். காற்று வடிகட்டியின் மேல் மூடியைத் தட்டி எறிந்துவிட்டு, அந்த வாயில் பலகையை வைத்து அழுத்தினேன். முதலில் பலகை ஒட்டிக்கொண்டது, பிறகு எஞ்சின் இருமியது, அதன் பிறகு நின்றது. சில விநாடிக் கதைதான்.

ஆறியதும் கழற்றிப் பார்த்தோம். அது ஒயில் நிரப்பும் வகை வடிகட்டி. கிண்ணத்துக்குள் ஒரு கோடு இருக்கும், அந்த மட்டத்துக்குத்தான் ஒயில் விட வேண்டும். முதல்நாள் சுத்தம் செய்த அவருடைய மகன் விளிம்பு வரைக்கும் ஊற்றியிருந்தான். எஞ்சின் காற்றோடு சேர்த்து அந்த ஒயிலையே உறிஞ்சி எரித்திருக்கிறது. வேகம் கூடக் கூட இழுவை கூடும், இழுவை கூடக் கூட ஒயில் கூடும். பொடியனை நான் குறை சொல்ல மாட்டேன். மெசினோடு வந்த கையேட்டில் ஒரு வரி தமிழ் இல்லை. வடிகட்டியில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாளிலும் இல்லை. கிளிநொச்சியில் விற்கிறார்கள், தமிழில் கையெழுத்து வாங்குகிறார்கள், எது ஆபத்து என்பதை மட்டும் வேறு மொழியில் அச்சடிக்கிறார்கள்.

அந்த அண்ணை ஏன் விலகி ஓடவில்லை என்று பிறகு கேட்டேன். மெசின் லீசிங்கில் எடுத்தது, தவணை இரண்டு பிந்தியிருந்தது என்றார். எஞ்சின் வெடித்தாலும் தவணை நிற்காது, உழைப்பு மட்டும் நின்றுவிடும். சண்டை முடிந்து 2009க்குப் பிறகு வன்னிக்குத் திரும்பிய சனம், காணி துப்புரவாக்கி எழும்ப முதலே கடன்காரர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மழை பொய்த்தாலும் வெள்ளம் அடித்தாலும் வட்டிக்கு விடுமுறை இல்லை. விதைப்புக்கு முந்திய கிழமை பார்த்து வயலுக்குள் வந்து மெசினைத் தூக்கிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். எஞ்சினைப் பற்றிக் கேட்டால் கடனைப் பற்றிப் பேசுகிறானே என்று யாராவது எழுதலாம். ஓடிப்போக வேண்டிய ஒரு மனிதரை எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தது அந்தக் கடன்தான். ஆகவே இதையும் எழுதுவேன்.

சரி, இன்னும் சில விஷயம். வடிகட்டி ஒயில் மட்டும் காரணம் இல்லை. பிஸ்டன் றிங் தேய்ந்து, அடியில் இருக்கும் ஒயில் ஆவியாக மேலே ஏறினாலும் இப்படி நடக்கும். டேர்போ உள்ள எஞ்சினில் அதன் சீல் போனால் நடக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரோ எண்ணெய்ப் பம்பின் தண்டோ கூடுதல் பக்கம் இறுகிப்போனாலும் நடக்கும். இந்தக் கடைசி வகையில் மட்டும் டாங்க் டீசல் ஓடிக்கொண்டிருப்பதால், அதை வெட்டினால் நிற்கும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூவில் நின்று வாங்கிக் கேனிலும் பரலிலும் சேர்த்து வைத்த டீசலோடு தண்ணீரும் துருவும் ஏறி இறுகிய பம்புகள் எங்கள் கராஜுக்கு வந்தன. ஓடும் எஞ்சினில் எது காரணம் என்று நின்று ஆராய நேரம் இருக்காது. காற்றை மூடினால் எல்லா வகையும் நிற்கும் என்பதால்தான் அதை முதலில் சொன்னேன்.

இன்ஜெக்டர் குழாயை ஸ்பனரால் தளர்த்தி நிறுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒயிலை எரித்து ஓடும் எஞ்சினில் அது வேலை செய்யாது. அதோடு அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் ஊசி குத்தியதைப் போலத்தான் தெரியும், உள்ளே விரலே அழுகிப்போகலாம். அப்படிப் பட்டால் உடனே ஆஸ்பத்திரி, பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள். கியர் உள்ள லொறி, வான் என்றால் உயர் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்தபடி கிளச்சை விட்டு எஞ்சினை அடக்கலாம். பெல்டில் ஓடும் லான்ட்மாஸ்டரில் அதை முயல வேண்டாம்.

காற்றை அடைத்தால் வடிகட்டி நசுங்கும், எஞ்சினுக்குக் கூடாது என்று யாராவது வருவார்கள். நசுங்கட்டும். வடிகட்டி கடையில் கிடைக்கும். இக்கால டீசல்கள் பலவற்றில் நிறுத்தும்போது காற்று வழியையே மூடும் தட்டு ஒன்று வைத்துத்தான் வருகிறது என்பதையும் அவர்கள் பார்க்க வேண்டும்.

நிறுத்தினாலும் நிற்காத எஞ்சின் எங்களுக்குப் புத்தகத்தில் வந்த அறிவு இல்லை. 1990 தொடங்கி 2002 இல் ஏ9 பாதை திறக்கும் வரை, போர்க்காலத் தடையால் பெற்றோல் துளியாகத்தான் கிடைத்தது. மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். மண்ணெண்ணெயில் கரி படியும். அந்தக் கரி கனன்று, சாவியைப் பூட்டினாலும் எஞ்சின் தானாகப் பற்றி ஓடும். அப்போது எண்ணெய்க் கேற்றைப் பூட்டி, காபரேற்றர் காயும் வரை ஓடவிட்டு நிறுத்துவோம். தோட்டத்து மண்ணெண்ணெய்ப் பம்ப்களுக்கு இன்றைக்கும் அதில் ஒரு பாடம் உண்டு: நிறுத்துவதற்கு முன் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கி, காலையில் கயிறு இழுத்தே தோள் போகும். சிறிய பிஸ்டன் விமானங்களையும் இப்படித்தான், பிளக்கை முதலில் துண்டிக்காமல், கலவையை வெட்டி நிறுத்துகிறார்கள். சிலிண்டரில் எண்ணெய் மிச்சம் இருந்தால் பிறகு யாராவது விசிறியைத் தொடும்போது வெடித்துச் சுழலும் என்பதால்தான் அந்த ஏற்பாடு.

உங்கள் மெசின் தானாக நின்றது நல்லதற்கு என்று திரும்ப ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். வடிகட்டிக் கிண்ணத்தில் ஒயில் கோட்டுக்கு மேலே நிற்கிறதா பாருங்கள். அப்புறம் எஞ்சின் ஒயில் குச்சியை இழுத்து மட்டத்தைப் பாருங்கள், மணந்தும் பாருங்கள். மட்டம் ஏறி டீசல் மணம் வந்தால் பம்பிலோ இன்ஜெக்டரிலோ கசிவு, அந்த ஒயிலை முழுவதும் இறக்க வேண்டும். இவற்றில் எதுவும் இல்லையென்றால் என்ன மெசின், எத்தனை வருடம் ஓடியது, அன்றைக்கு வந்த புகை என்ன நிறம் என்று கீழே எழுதுங்கள். பார்த்துப் பதில் போடுகிறேன்.