ஃபேண்டஸி அமெரிக்கக் கால்பந்தில், தன் பழைய அணிக்கு எதிராக ஆடும் மாற்று ரிசீவரை (வீசும் பந்தைப் பிடிப்பவரை) இறக்கலாமா?

இறக்காதீர்கள். பழைய அணியை எதிர்த்து ஆடுகிறார் என்பதற்காக மட்டும் நான்காம் நிலை ரிசீவரை ஃபேண்டஸி அணியில் (நிஜ வீரர்களின் ஆட்டத்தை வைத்துப் புள்ளி வாங்கும் கற்பனை அணியில்) வைத்தால், பெரும்பாலும் பூஜ்யம்தான் மிஞ்சும்.

எவ்வளவு வெறியோடு வந்தாலும் களத்தில் நின்றால்தானே பந்து வரும்? அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இல் மாற்று ரிசீவருக்கு அதிகம் கிடைப்பது ஸ்பெஷல் டீம்ஸ் வேலை, அதாவது பந்தை உதைக்கும் கட்டங்களில் இறங்குவது. பண்ட்டை (எதிரணிப் பக்கம் உதைத்துவிடும் பந்தை) விரட்டிப் போய் ஆளை மடக்கினால் வழக்கமான ஃபேண்டஸி லீக்கில் அவருக்குப் புள்ளி கிடையாது. பழைய அணிக்கு எதிராக வெளுத்து வாங்கியதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஸ்டீவ் ஸ்மித்: 2014-இல் ரேவன்ஸுக்கு ஆடி, பழைய பாந்தர்ஸுக்கு எதிராக 7 கேட்ச், 139 யார்டு, 2 டச்டவுன். ஆனால் அவர் முதல் வரிசை ரிசீவர்.

"பழைய அணியின் சிக்னல் தெரியுமே" என்கிறீர்கள். இப்படி ஒருவர் எதிரே வரும்போது வார்த்தைகளையும் சைகைகளையும் மாற்றிவிடுவார்கள். உண்மையில் உதவுவது, பயிற்சியில் தினமும் எதிரே நின்ற கார்னர்பேக்கின் (ரிசீவரைத் தடுப்பவரின்) பழக்கம்: ஸ்னாப் ஆனதும் (பந்து பின்னால் தரப்பட்டு ஆட்டம் தொடங்கியதும்) எந்தக் கை முதலில் நெஞ்சுக்கு வரும் என்பது போல.

கடந்த மூன்று ஆட்டங்களில் அவர் எத்தனை ஸ்னாப்களுக்குக் களத்தில் இருந்தார் என்று பாருங்கள், ஸ்பெஷல் டீம்ஸைக் கழித்துவிட்டு. அணியின் தாக்குதல் ஸ்னாப்களில் பாதிக்கும் கீழே என்றால் விட்டுவிடுங்கள். முதன்மைப் பட்டியலுக்கு வெளியே பயிற்சிக் குழுவில் இருப்பவர் என்றால், முந்தைய நாளே அவரை ஆட்டப் பட்டியலுக்கு உயர்த்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு: ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு ஆடாதோர் பட்டியல் வரும். அவருடைய அணியின் முதல் இரண்டு ரிசீவர்களில் ஒருவர் அதில் இருந்தால் தாராளமாக இறக்குங்கள்.