சிங்கப்பூர் – நியூயார்க்: தூரமும் பறக்கும் நேரமும்

கேள்வி: நியூயார்க்கில் படிக்கும் மகளைப் பார்க்க நானும் கணவரும் சிங்கப்பூரிலிருந்து முதன்முறையாகப் புறப்படுகிறோம். தூரம் ஓரிடத்தில் 15,300 கிலோமீட்டர் என்றும் வேறோரிடத்தில் 16,500 என்றும் இருக்கிறது. நள்ளிரவுக்குச் சற்று முன் ஏறி மறுநாள் காலை 6 மணிக்கு இறங்குகிறோம். திரும்பும்போதோ திங்கள் இரவு ஏறினால் புதன் விடியலில்தான் வந்து சேர்கிறோம். உண்மையில் எத்தனை மணி நேரப் பயணம்?

பதில்: இடைநில்லா விமானத்தில் போகவும் வரவும் தலா ஏறக்குறைய 18 முதல் 19 மணி நேரம் ஆகும். உங்களைக் குழப்புவது கடிகாரம்தான். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை சிங்கப்பூர் நேரம் நியூயார்க்கைவிட 12 மணி நேரம் முந்தியிருக்கும். மற்ற மாதங்களில் 13. கோடையில் இரவு 11.30க்குக் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறந்தால், இறங்கும்போது உங்கள் கைக்கடிகாரம் மறுநாள் மாலை 6.10 காட்டும், 12ஐக் கழித்தால் அங்கே காலை 6.10. வரும்போது இதே 12 மணி நேரம் கூடிக்கொள்வதால்தான் பயணச்சீட்டில் வருகை நேரத்துக்குப் பக்கத்தில் ‘+2’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் தேதியைப் பார்க்காமல், முந்தைய வேளையிலிருந்து கழிந்த மணி நேரத்தை எண்ணுவதே சரி.

தூரத்தைப் பொறுத்தவரை, நீங்கள் பார்த்த இரண்டு கணக்குகளையும் தவறென்று சொல்ல முடியாது. சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும் நியூயார்க் மேற்கு 74 பாகையிலும் இருப்பதால், இரண்டும் உலகின் ஏறக்குறைய நேரெதிர்ப் பக்கங்களில் அமைந்துள்ளன. பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது வடதுருவத்தை ஒட்டியே செல்லும். சுமார் 15,350 கிலோமீட்டர் என்பது அந்த நூலின் நீளம். விமானம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் தாரைக்காற்று குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டுவதால், அதை முதுகில் வாங்கிக்கொள்ள ஜப்பானை ஒட்டி வட பசிபிக் வழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் போனாலும் விமானம் விரைவாகவே சேர்ந்துவிடும். தூரத்தை விமானத்தின் வேகமான மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து 17 மணி நேரம் என்று கணக்கிடுவோர், இந்தச் சுற்றையும், பயணச்சீட்டில் உள்ள நேரம் விமானம் நிறுத்தத்தைவிட்டு நகர்வது முதல் மறு நிறுத்தத்தை அடைவது வரை கணக்கிடப்படுவதையும் மறந்துவிடுகிறார்கள்.

இத்தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 விமானத்தின் அதிதொலைவு வகை 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் கட்டுப்படுத்த அதில் 161 இருக்கைகளே உள்ளன. சாதாரண வகுப்பு கிடையாது. ஃபிராங்ஃபர்ட்டில் நின்று சென்றால் தூரம் சுமார் 1,100 கிலோமீட்டர்தான் கூடும் என்றாலும் மொத்த நேரம் 24 மணியை எட்டிவிடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் அந்த வழியைத்தான் சொல்வேன். நடுவில் எழுந்து நடமாட இடம் கிடைக்கிறது.

பயணச்சீட்டில் விமான நிலையத்தின் பெயரையும் பார்த்து மகளிடம் சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரிலிருந்து கென்னடி நிலையத்துக்கும் விமானம் உண்டு, நியூவார்க்குக்கும் உண்டு. இரண்டாவது இருப்பது ஹட்சன் ஆற்றுக்கு அப்பால், நியூ ஜெர்சியில்.