மலைக் குளிரில் பன் மாவு பிசைய எந்த ஸ்டாண்ட் மிக்சர் வாங்குவது?

நீங்கள் கேட்டிருப்பது: கோத்தகிரியில் வீடு, வாரம் இரண்டு முறை பன்னும் பிரெட்டும், ஞாயிற்றுக்கிழமை ஒரு கேக். 1000 வாட், 1500 வாட் என்று போட்டு விற்கிற ஸ்டாண்ட் மிக்சர்களில் எதை வாங்குவது, இல்லை அமெரிக்காவில் இருக்கும் அக்கா டிசம்பரில் வரும்போது ஒன்று கொண்டுவரச் சொல்லலாமா?

நான் குன்னூரில் பதினொரு வருடமாக வீட்டில் பேக்கிங் செய்கிறேன். வாட்டைப் பார்க்காதீர்கள், மிக்சரைத் தூக்கிப் பாருங்கள். ஒரு கையால் சுலபமாகத் தூக்க முடிந்தால் அது கேக் மாவுக்கான மிக்சர், பன் மாவுக்கானது இல்லை.

வாட் என்பது மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்ற கணக்கு, அவ்வளவுதான். மாவு பிசைகிற கொக்கிக்கு எவ்வளவு பலம் வந்து சேருகிறது என்று அது சொல்லாது. நடுவில் பெல்ட் இருக்கிறது, பல்சக்கரம் இருக்கிறது, அந்தச் சக்கரம் உலோகமா பிளாஸ்டிக்கா என்பதில்தான் எல்லாம். கிட்சன்எய்டின் ஆர்ட்டிசன் 4.8 லிட்டர் மாடல் வெறும் 300 வாட், ஆனால் எடை 10 கிலோவுக்கு மேல். ஸ்டாண்ட் மிக்சர் பிறந்ததே ரொட்டி மாவுக்காகத்தான். 1908-ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்ற இன்ஜினியர், பேக்கரியில் ஒருவர் மாவைக் கிளறக் கஷ்டப்படுவதைப் பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்ய ஆரம்பித்தார். 1919-ல் வீட்டுக்கென்று வந்த முதல் கிட்சன்எய்டே ஏறக்குறைய 30 கிலோ.

இதை நான் காசு கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் வாங்கிய மிக்சரின் பெட்டியில் 1200 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, எடை ஐந்து கிலோகூட இருக்காது. கேக்குக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், காலை ஆறு மணிக்கு, சமையலறைக்குள்ளேயே மூச்சு புகையாகத் தெரிகிற குளிரில், பன்னுக்கு ஒரு கிலோ மைதா போட்டேன். மாவு திரண்டதும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது, ஒவ்வொரு சுற்றுக்கும் மிக்சரின் தலை டக் டக்கென்று எம்பியது, மிக்சரே மேடைமேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிட்டது, நான் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டாவது நிமிடம் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது, கொக்கி சுற்றவில்லை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் சக்கரத்தின் பல் மழுங்கிப் போயிருந்தது. மிச்ச மாவை அத்தையும் நானும் மாறி மாறிக் கையால் பிசைந்து முடித்தோம். மிக்சர் சர்வீஸுக்குக் கோயம்புத்தூர் போய்த் திரும்பி வர ஏழு வாரம். அதனால் வாங்கும் முன்பே, சர்வீஸ் எங்கே, பாகம் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நம் ஊரில் மிக்சருக்கு வேலை அதிகம், காரணம் குளிர். மைதா டப்பாவே ஜில்லென்று இருக்கும், குழாய்த் தண்ணீர் கையை மரக்கவைக்கும், வெண்ணெய் கல் மாதிரி. குளிர்ந்த மாவு கெட்டியாக இருக்கும், கெட்டி மாவு மோட்டாரைத் திணறடிக்கும். சமவெளியில் பிசையும்போது மாவு சூடேறிவிடும் என்று ஐஸ் தண்ணீர் ஊற்றுவார்கள். அதே சமையல் குறிப்பைப் பார்த்து இங்கே ஐஸ் தண்ணீர் ஊற்றினால் ஈஸ்ட் தூங்கிவிடும். தண்ணீரையோ பாலையோ வெதுவெதுப்பாக ஊற்றுங்கள். கொக்கி உரசுகிற சூடும் சேர்ந்து, பிசைந்து முடிக்கும்போது மாவு 25, 26 டிகிரிக்கு வந்தால் போதும். கிண்ணம் ஸ்டீலாக இருக்கட்டும். வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கும்போது வெண்ணெய் கட்டி கட்டியாக நின்றால், சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கிண்ணத்துக்கு வெளியே சுற்றி ஒரு நிமிடம் ஓட விடுவேன். பிளாஸ்டிக், கண்ணாடிக் கிண்ணத்தில் அந்தச் சூடு அவ்வளவு சீக்கிரம் உள்ளே இறங்காது.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். 5 லிட்டர் என்றால் ஒரு கிலோ மைதா தாராளமாகப் பிசையலாம் என்று கடையில் சொல்வார்கள். என் கணக்கில் அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ. அரை கிலோ மைதாவுக்கு 300, 325 மில்லி தண்ணீர் சேர்ந்தாலே மாவு 800 கிராமைத் தாண்டிவிடுகிறது, அப்புறம் வெண்ணெய், முட்டை எல்லாம் இருக்கிறது. அதற்காக 7 லிட்டருக்கும் போகாதீர்கள், இரண்டு முட்டை வெள்ளைக்கரு அடிக்க கம்பி விஸ்க் அடிவரை எட்டாது.

கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முதல் ஸ்பீடு எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பன் மாவுக்கு முதல் இரண்டு ஸ்பீடுக்கு மேல் போகவே கூடாது. எடுத்த எடுப்பிலேயே வேகமாகச் சுற்றினால் மைதா முகத்தில்தான் பறக்கும். கொக்கி தானும் சுழன்றுகொண்டு கிண்ணத்தையும் சுற்றி வர வேண்டும், இதைத்தான் பிளானட்டரி என்கிறார்கள். அப்புறம் காலிக் கிண்ணத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு, கேக் மாவு கலக்குகிற தட்டையான பீட்டரை மாட்டி, மிக மெதுவாக ஓட விடுங்கள். பீட்டர் நாணயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போனால் இடைவெளி சரி. நாணயம் அசையவே இல்லை என்றால் அடியில் மாவு கலக்காமல் கிடக்கும், ஓயாமல் தள்ளிக்கொண்டே இருந்தால் பீட்டர் கிண்ணத்தைச் சுரண்டும். நல்ல மிக்சர்களில் இந்த உயரத்தை ஒரு திருகு வைத்து மாற்றலாம். மாட்டுகிற சாமான்கள் ஸ்டீலாக இருந்தால் நல்லது, அலுமினியம் நம் ஊர் ஈரத்தில் கருத்துப்போகும்.

அக்காவிடம் மிக்சர் கேட்காதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் மோட்டார் போய்விடும், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் அதுவே தனிச் சுமை, வாரண்டியும் பெரும்பாலும் இங்கே செல்லாது.

பட்ஜெட் இடித்தால், புது இலகு மிக்சரைவிடப் பழைய கனமான மிக்சர் மேல். நான் இப்போது வைத்திருப்பது ஒரு பழைய கென்வுட் செஃப், ஒரு பங்களாவைக் காலி செய்தபோது வாங்கியது. கோயம்புத்தூரில் மோட்டார் வைண்டிங் செய்கிற ஒருவர் கார்பன் பிரஷ்ஷும் ஒரு கண்டென்சரும் மாற்றிக் கொடுத்தார், ஆறு வருடமாக ஓடுகிறது. பிசையும்போது மேல்கூட்டின்மேல் கை வைத்துப் பார்ப்பேன், சூடு தெரிந்தால் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் மாவை மூடி வைப்பேன். அந்தப் பத்து நிமிடத்தில் மாவு தானாகவே இளகி விடுகிறது, அடுத்த தடவை மோட்டாருக்கும் சுலபம். ஜூன், ஜூலையில் வோல்டேஜ் இறங்கி மிக்சர் திணறினாலும் இதையேதான் செய்கிறேன்.

இட்லி மாவு அரைக்கிற டில்டிங் கிரைண்டரோடு வரும் சப்பாத்தி மாவுக் கொக்கி போதாதா என்று கேட்பவர்களுக்கு: சப்பாத்திக்குப் போதும், பன்னுக்கு அந்த மாவு ஜவ்வு மாதிரி இழுபட்டு வராது.

நம் உயரத்துக்கு இன்னொன்று. குன்னூர், கோத்தகிரி எல்லாம் 1800 மீட்டரை ஒட்டியவை, காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கேக்குக்குள் இருக்கும் காற்று அடுப்பில் அதிகமாக விரியும். ஸ்டாண்ட் மிக்சர் வந்த புதிதில் வேகம் தெரியாமல் வெள்ளைக்கருவைக் கெட்டியாக அடித்துவிடுவோம், அப்படி அடித்தால் கேக் பொங்கி வந்து நடுவில் அமுங்கிவிடும். விஸ்க்கைத் தூக்கினால் நுனி மெல்ல வளைய வேண்டும், அங்கேயே நிறுத்துங்கள்.

அக்கா ஏதாவது கொண்டுவந்தே தீருவேன் என்றால், மாவில் குத்திப் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கேளுங்கள். பேட்டரியில் ஓடும், வோல்ட் பிரச்சினை இல்லை, செல்சியஸில் காட்டுகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.