கண்ணாடிப் பெட்டியும் சாமிப் பெட்டியும்

வாசகர் கேள்வி – பதில்

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மூதாதையர் பொருள் ஒன்றை வெளிநாட்டு அருங்காட்சியகம் திருப்பிக் கொடுப்பதையும், அதில் இரண்டு பண்பாடுகள் முட்டிக்கொள்வதையும் கலகலப்பாகச் சொல்லும் படம் ஒன்றைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் அதைப் பற்றியே கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

பறிகொடுத்தவர்களின் கதையைச் சிரிக்கச் சிரிக்க எடுப்பது தகுமா? எனக்கு மனம் ஒப்பவில்லை.
— வாசகி, எல்லீஸ் நகர், மதுரை

தகும் என்றே நினைக்கிறேன். சிரிப்பு யார்மேல் விழுகிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். அருங்காட்சியகத்துக்கும் அதற்கென்று சடங்குகள் உண்டு. கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், அறையின் ஈரப்பதம் இம்மியும் மாறக் கூடாது, ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்த்தினாலும் கையெழுத்து வேண்டும். மாவோரி மக்களின் வரவேற்பு முறையில், முதலில் ஒரு பெண் உரத்த குரலெடுத்து அழைக்கிறாள். பிறகு பெரியவர்கள் பேசுகிறார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் வலுச் சேர்க்க அவரவர் தரப்பினர் எழுந்து நின்று பாட வேண்டும். அதன்பின் மூக்கோடு மூக்கும் நெற்றியோடு நெற்றியும் தொட்டு மூச்சைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இதற்கு ஹோங்கி என்று பெயர். கோப்புகளோடு வந்து நிற்கும் அதிகாரி, வாழ்நாளில் ஒரு சபையிலும் பாடியறியாதவர், அன்று பாடியே ஆக வேண்டும் என்றால் நமக்குச் சிரிப்பு வருவது இயல்பு. அந்தச் சிரிப்பில் அவர் சிறுமைப்படுவதில்லை; தயங்கித் தயங்கிப் பாடி முடிக்கும்போது அவரும் அந்த வீட்டு மனிதராகிவிடுகிறார். மாறாக, அழைப்புக் குரலெடுக்கும் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கும்படி ஒரு படம் அமைந்திருந்தால் நான் பாதியில் எழுந்திருப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துக்கத்தையும் சிரிப்பையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்ள நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஒப்பாரி ஓய்ந்த நேரத்தில் மாமன் மச்சான் முறைக்காரர்கள், இறந்தவரின் குறும்புகளைச் சொல்லிக் கேலி பேசுவதைக் கருமாதி வீடுகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மாவோரி மக்களின் துக்கச் சடங்கிலும், அடக்கத்துக்கு முந்தைய கடைசி இரவு கதைக்கும் பாட்டுக்கும் சிரிப்புக்கும் உரியது. ஆகவே இந்தச் சிரிப்பு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

படம் பார்த்த என் அப்பத்தா, "நம்ம பெட்டிய எவனாச்சும் தூக்கிட்டுப் போயிக் கண்ணாடிக்குள்ள வச்சா சும்மா விடுவமா?" என்று கேட்டார்கள். இரண்டும் ஒன்றுதானா?
— கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

நான் ஒரு பத்தி முழுக்கச் சொல்ல முயன்றதை உங்கள் அப்பத்தா ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். உங்கள் பக்கத்தில் மகா சிவராத்திரிக்கு, மாசிப் பச்சை என்று சொல்லி, குலதெய்வக் கோயிலுக்குப் பெட்டி போவதை அறியாத தென் மாவட்டத்துக்காரர் இருக்க மாட்டார். உள்ளே இருக்கும் துணிக்கும் அணிகலனுக்கும் சந்தையில் என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை. யார் சுமக்கலாம், எப்போது திறக்கலாம், யார் கண் படக் கூடாது என்ற முறைகளோடு சேர்த்துத்தான் அது சாமிப் பெட்டி.

மாவோரி மொழியில் இப்படிப்பட்ட பொருளை 'தாவோங்கா' என்கிறார்கள். செதுக்கிய மரமும் பச்சைக் கல்லில் செய்த பதக்கமும் அதில் அடங்கும். மூதாதையரின் தலைகள் அதற்கும் மேலான நிலையில் இருப்பவை. முன்னோரையே நேரில் காண்பதுபோல அவற்றை மதிக்கிறார்கள். முகம் முழுவதும் பச்சை குத்திய பெரியவர்கள் இறந்தபின் அவர்களின் தலையைப் பதப்படுத்திக் குடும்பத்தார் பாதுகாத்து வந்தார்கள். அதற்கு 'தோய் மோக்கோ' என்று பெயர். ஐரோப்பியக் கப்பல்கள் வந்தபிறகு துப்பாக்கிக்கும் வெடிமருந்துக்கும் மாற்றாக அவை விற்பனைக்குப் போயின. 1831-இல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் அந்த வணிகத்துக்குத் தடை விதித்தார். அதற்குள் நூற்றுக்கணக்கான தலைகள் கடல் கடந்துவிட்டன.

பிரான்சில் ரூவன் நகர அருங்காட்சியகத்தில் 1875 முதல் இருந்த ஒரு தலையை, 2007-இல் அந்த நகராட்சியே மனமுவந்து திருப்பித் தர முன்வந்தது. பொதுச் சேகரிப்பில் உள்ள கலைப்பொருளை யாருக்கும் கொடுக்க முடியாது என்று அந்நாட்டுப் பண்பாட்டு அமைச்சகம் நீதிமன்றத்துக்குப் போய்த் தடுத்துவிட்டது. மனிதத் தலை கலைப்பொருளா, உடலா என்ற கேள்விக்கு விடை காண 2010-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 2011-இல் அந்தப் பெரியவர் வீடு திரும்பினார். 2012 தொடக்கத்தில் மற்ற பிரெஞ்சு அருங்காட்சியகங்களில் இருந்த 20 தலைகளும் திரும்பின. இப்படித் திரும்பி வருபவர்களை வெலிங்டனில் உள்ள 'தே பாப்பா' தேசிய அருங்காட்சியகம் வரவேற்று, பொதுமக்கள் பார்வைக்கு வைக்காமல், அதற்கென ஒதுக்கிய புனித அறையில் வைக்கிறது. அங்கே உணவு கொண்டுபோகக் கூடாது. வெளியே வரும்போது தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். மயானத்துக்குப் போய் வந்தால் வாசலில் கால் கழுவாமல் உள்ளே விடாத அப்பத்தாவுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மதுரையிலேயே ஓர் அனுபவம் இருக்கிறது. தமுக்கத்துக் காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், அண்ணலின் ரத்தக் கறை படிந்த ஆடையின் முன் நிற்கும்போது எனக்குத் தானாகவே குரல் தாழ்ந்துவிடுகிறது. எந்தப் பலகையும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மாவோரி மக்கள் கெஞ்சிக் கேட்டுத்தான் பெற வேண்டுமா? சட்டப்படி வாதாடிப் பெற முடியாதா?
— வழக்கறிஞர், மேலூர்

முயன்று தோற்ற வழக்கு ஒன்று உண்டு. நியூசிலாந்தின் தாரநாக்கி பகுதியில் மோத்துநூயி என்ற இடத்துச் சதுப்பில் புதைந்திருந்த, வேலைப்பாடு மிக்க ஐந்து மரப் பலகைகள் 1972-இல் கிடைத்தன. அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறிய அவை ஐரோப்பியச் சேகரிப்பாளர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தன. 1978-இல் லண்டனில் ஏலத்துக்கு வரவிருந்தபோது நியூசிலாந்து அரசு வழக்குப் போட்டது. 1983-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை நியூசிலாந்து அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அனுமதியின்றி வெளியேறிய பொருள் அரசுடைமை ஆகும் என்று நியூசிலாந்துச் சட்டம் சொன்னாலும், அதிகாரிகள் கைப்பற்றினால்தான் அப்படி ஆகும் என்று நீதிபதிகள் பொருள் கொண்டார்கள். பலகைகள் 2014-இல்தான் திரும்பின. அதற்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

இதனருகில் நம் பத்தூர் நடராசர் வழக்கை வைத்துப் பாருங்கள். அவரும் மண்ணுக்குள்ளிருந்து 1976-இல் வெளிப்பட்டவர். கைமாறிக் கைமாறிக் கனடா நிறுவனம் ஒன்று அவரை வாங்கியிருந்தது. அதே லண்டனில், கோயிலோடு சேர்ந்து அங்கிருந்த சிவலிங்கமும் வழக்காடியது. தெய்வம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர் என்பதை மதுரைக் கிளையில் வாதாடும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலேய நீதிபதிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் வியப்பு. 1988-இல் கிடைத்த தீர்ப்பை 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. ஒரு நாட்டின் அரசு தன் சட்டத்தை நீட்டிக் கேட்டுத் தோற்ற ஊரில், இடிந்து கிடந்த கோயிலின் லிங்கம் தன் உடைமையைக் கேட்டு வென்றிருக்கிறது. ஃபாங்கநூயி ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராக நியூசிலாந்து 2017-இல் ஏற்றுக்கொண்டதைப் படித்தபோது, இரண்டு மக்களும் ஒரே வழியில்தான் சிந்திக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன்.

வென்றபின் நடந்ததையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆக மாட்டேன். பத்தூர் நடராசர் ஊருக்குப் போகாமல் திருவாரூர் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். திருட்டுப் பயம் நியாயமானதுதான். ஆனால் பூவும் தீபமும் ஏற்கப் பிறந்தவரைப் பூட்டிய அறைக்குள் வைத்துவிட்டு மீட்டுவிட்டோம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. 1982-இல் திருடு போன கல்லிடைக்குறிச்சி நடராசர் 2019-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தபோது, ஊரே திரண்டு எதிர்கொண்டு கோயிலுக்கு அழைத்துப்போனதே, அந்தக் காட்சியைத்தான் நான் படங்களில் தேடுகிறேன்.

அருங்காட்சியகம் பாதுகாத்ததால்தானே இவை இன்றுவரை அழியாமல் இருக்கின்றன? நன்றி சொல்ல வேண்டாமா?
— வாசகர், திருநகர்

சில இடங்களில் சொல்லலாம். ஆனால் மாத்தாத்துவா என்ற மாவோரி சபை வீட்டின், அதாவது ஊர் கூடும் செதுக்கு மர மண்டபத்தின், கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஃபாக்காதானே ஊரில் 1875-இல் திறந்த அந்த வீட்டை 1879-இல் சிட்னி கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். உள்சுவரில் இருந்த மூதாதையர் சிற்பங்கள் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகச் சுவர்களைத் திருப்பி, வீட்டை உட்புறம் வெளிப்புறமாக நிறுத்தினார்கள். வீட்டின் வயிற்றுக்குள் வீற்றிருக்க வேண்டிய முன்னோர்கள் மழை வெயிலில் நின்றார்கள். நம் வீட்டுப் பூசை அறையைப் பெயர்த்துத் தெருப் பக்கம் திருப்பி வைத்ததாக எண்ணிப் பாருங்கள். பிறகு அந்த வீடு லண்டனுக்குப் போனது. 1925-இல் நியூசிலாந்துக்கே திரும்பி வந்தும், டனீடன் நகர அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இருந்தது. 1996-இல் உரிமை மீண்டு, 2011-இல்தான் சொந்த ஊரில் கதவு திறந்தது. மரம் அழியவில்லை என்பது உண்மை; ஆனால் அந்த வீட்டில் நடந்திருக்க வேண்டிய பேச்சுவார்த்தைகளையும் துக்கங்களையும் ஐந்தாறு தலைமுறை இழந்துவிட்டதே, அதை எந்தக் குளிர்பதன அறையால் பாதுகாத்திருக்க முடியும்?

நியூசிலாந்தில் ஒரு தமிழ் மணி இருக்கிறதாமே? அதை நாமும் கேட்டு வாங்கலாமா?
— ஆசிரியை, அனுப்பானடி, மதுரை

இருக்கிறது. வில்லியம் கொலென்சோ என்ற கிறித்தவ மிஷனரி 1836 வாக்கில் வடக்கே ஃபாங்கரே பக்கம் போனபோது, மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். அது பாத்திரம் அன்று, விளிம்பு உடைந்த கப்பல் மணி. அதைச் சுற்றித் தமிழ் எழுத்து ஓடுகிறது. முகையதீன் என்று தொடங்கும் பெயருடைய ஒருவரின் கப்பல் மணி என்பது அதன் பொருள். அந்தக் கப்பல் என்ன ஆனது என்பதை மணி சொல்லவில்லை. இன்று அது அதே தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேட்கக் கூடாது என்பது என் எண்ணம். எந்தக் கோயிலும் பள்ளிவாசலும் அதை இழந்து அழவில்லை; யாரும் மிரட்டியோ ஏமாற்றியோ எடுத்துப் போகவில்லை. கடல் கொண்டுசேர்த்ததை எடுத்து, அடுப்பில் ஏற்றி, பிள்ளைகளுக்கு அதில் சோறு போட்டவர்களுக்கு நம்மைவிட அதன்மேல் உறவு அதிகம். ஹவாய் அரசர் 1779-இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்குக்கு அணிவித்த இறகுப் போர்வையையும் தலைக்கவசத்தையும் 2016-இல் ஹவாய்க்கு அனுப்பிவைத்த அருங்காட்சியகம் அது. கண்டிப்பாகத் தா என்று அதனிடம் வழக்காடுவதைவிட, சில மாதங்கள் மதுரைக்கு அனுப்பி வையுங்கள் என்று கேட்பது முறையாக இருக்கும்.

அப்படி அது வந்தால், அதையே நம்மவர் யாராவது படமாக எடுக்கட்டும். கீழக்கரைக் கப்பல்காரக் குடும்பத்துப் பெரியவர் ஒருவரும், ஃபாங்கரே ஊர்ப் பாட்டி ஒருவரும் மதுரை விமான நிலைய வாசலில் சந்திக்கிறார்கள். இவர், "எங்கள் வாப்பாவின் கப்பல் மணி" என்கிறார். அந்த அம்மா, "எங்கள் பாட்டியின் கிழங்குப் பானை" என்கிறார். இரண்டும் உண்மை என்பதால் யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. சுங்க அதிகாரியோ, பொருளின் பெயர் என்ன என்று எழுதக் கட்டம் ஒன்றுதான் இருக்கிறது என்று பேனாவோடு காத்திருக்கிறார்.